பயறு வகைப் பயிர்களில் வானிலையும் பூச்சிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளுந்து, பாசிப்பயறு, துவரை, தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றைப் பயிரிடும் விவசாயிகளுடன் பழகிய காலத்தில் மீண்டும் மீண்டும் காதில் விழுந்த சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். நிலக்கடலையை எண்ணெய் வித்தாகக் கணக்கிடுவது வழக்கம் என்றாலும், அதுவும் அவரைக் குடும்பத்துச் செடிதான். வானிலைக்கேற்பப் பூச்சி ஏறி இறங்குவதை அதில் மிகத் தெளிவாகப் பார்க்கலாம் என்பதால் அதையும் சேர்த்துக்கொண்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

வானிலை மாறினா பூச்சி ஏன் கூடுது, குறையுது? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பூச்சிக்கு உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வசதி இல்லை. சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையே ஏறக்குறைய அதன் உடலின் வெப்பநிலை. ஆகவே முட்டை பொரிப்பது, புழு வளர்வது, கூட்டுப்புழு அந்துப்பூச்சியாவது ஆகிய எல்லாமே இதமான வெப்பத்தில் விரைவாகவும் குளிரில் மெதுவாகவும் நடக்கும். துவரையைத் தாக்கும் பச்சைக் காய்ப்புழு வெதுவெதுப்பான பருவத்தில் முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாகச் சுமார் ஐந்து வாரம் எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த பருவத்தில் இன்னும் பல நாள் கூடும். வெப்பநிலை 10 பாகை செல்சியசை ஒட்டி இறங்கிவிட்டால் அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். பஞ்சாப் போன்ற வடமாநிலங்களில் கடுங்குளிர் மாதங்களை அது மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக உறங்கிக் கழிக்கிறது. தமிழகச் சமவெளியில் அத்தகைய குளிர் வருவதில்லை என்பதால், இங்கே அதற்கு ஓய்வுக் காலமும் இல்லை.

வானிலை பூச்சியை நேரடியாகத் தொடுவதோடு நின்றுவிடாமல், செடியின் வழியாகவும், பூச்சியைத் தின்னும் உயிர்களின் வழியாகவும் வந்து சேர்கிறது. மழைக்குப்பின் வெடிக்கும் இளந்தளிர் பூச்சிக்கு விருந்தாகிறது. வறட்சியில் வாடிய செடியின் சாற்றில் அமினோ அமிலங்கள் கூடுவது சில சாறு உறிஞ்சிகளுக்கு உதவுகிறது. பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் தம் இரையைவிட வேறுபட்ட வெப்பத்தை விரும்புகின்றன. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இம்மூன்றில் ஏதேனும் ஒன்றில் போய் நிற்கும்.

மழை பெஞ்சா பூச்சி குறையும்னு ஒருத்தர் சொல்றார், கூடும்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

இருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்த மழை, எந்தப் பூச்சி என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அடித்துப் பெய்யும் கனமழை அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ போன்ற சிறிய, மென்மையான பூச்சிகளைச் செடியிலிருந்து கழுவித் தள்ளிவிடும். மண்ணில் நீர் தேங்கி நின்றால் அங்குள்ள காய்ப்புழுவின் கூட்டுப்புழுக்களிலும் பல மடிந்துபோகும். விட்டுவிட்டுப் பெய்யும் தூறலுக்கோ அந்த வேகம் கிடையாது. வெயிலை மறைத்து, காற்றில் ஈரத்தை நிறுத்தி, செடியைத் தொடர்ந்து துளிர்க்கவும் பூக்கவும் வைப்பதால், அது பூ மற்றும் காயைத் தின்னும் புழுக்களுக்குச் சாதகமாகவே முடிகிறது.

கனமழை தந்த நன்மையும் நிலையானதன்று. தப்பிப் பிழைத்த சில பூச்சிகள் புதுத்தளிரில் பெருகுவதற்கு இரண்டு மூன்று வாரமே போதும். மழை நின்ற மறுநாள் வயல் சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது, நான் அடிக்கடி கண்ட, வருத்தம் தரும் பழக்கம்.

நாலு நாள் மூடாப்பா இருந்தா போதும், தட்டைப்பயறுல அசுவினி அப்பிக்கிடக்கு. எங்கிருந்துதான் வருது?

அசுவினி ஏற்கெனவே வயலில் சிறு எண்ணிக்கையில் இருந்திருக்கும், அல்லது இறகு முளைத்த சில தாய்ப்பூச்சிகள் காற்றோடு வந்து இறங்கியிருக்கும். அவை ஆண் துணையின்றியே, முட்டையிடாமல் நேரடியாகக் குஞ்சுகளை ஈனுகின்றன. இதமான குளுமையில் அந்தக் குஞ்சுகள் ஒரு வாரத்தையொட்டித் தாமும் தாயாகிவிடுகின்றன. தட்டைப்பயறின் வளர்நுனியையோ இளங்காயின் காம்பையோ திருப்பிப் பாருங்கள். பளபளக்கும் கறுப்பு நிறத்தில் இருப்பவை தாய்கள். அவற்றின் இடையே சாம்பல் பூத்தாற்போல மங்கலாகத் தெரிபவை குஞ்சுகள். எறும்பு வரிசையாக ஏறி இறங்கினால், அசுவினி சுரக்கும் தேன் போன்ற கழிவைத் தேடி அது வந்திருக்கிறது என்று பொருள்.

மூடாப்பு நாள்களில் கடும் வெயிலும் இல்லை, கழுவித் தள்ளும் மழையும் இல்லை. குளுமை கூடும்போது பொறிவண்டின் சுறுசுறுப்பும் இனப்பெருக்கமும் அசுவினியைவிட அதிகமாகத் தளர்ந்துவிடுவதால், முன்னது பின்னதை எட்டிப் பிடிக்க நாளாகிறது. வளர்நுனியில் 2.5 செ.மீ. நீளத்துக்குள் சுமார் 20 அசுவினி என்ற அளவை எட்டும்போதுதான் மருந்து தேவைப்படும் என்பது பரிந்துரை. அந்த அளவுக்குக் கீழே இருந்து, செடியில் பொறிவண்டின் புழுக்களும் நடமாடினால், இரண்டு மூன்று நாள் பொறுத்து மறுபடி எண்ணிப் பார்ப்பதே நல்லது.

உளுந்துல மஞ்சள் தேமல் ஏன் கோடையில மட்டும் இவ்வளவு மோசமா வருது?

மஞ்சள் தேமல் ஒரு வைரஸ் நோய். அதைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது வெள்ளை ஈ. கோடையின் வெப்பத்தில் வெள்ளை ஈ முட்டையிலிருந்து முழுப்பூச்சியாகச் சுமார் மூன்று வாரத்தில் வளர்ந்துவிடுவதால், ஒரு பயிர்க்காலத்திற்குள் பல தலைமுறைகள் தோன்றுகின்றன. கழுவித் தள்ள மழையும் இல்லை. அக்கம்பக்கத்தில் மற்றப் பயிர்களும் களைகளும் காய்ந்துவிட, பாசன வசதியுள்ள உளுந்து வயல் மட்டும் பச்சையாக நிற்பதால் அத்தனை ஈயும் அங்கேயே வந்து சேர்கிறது.

இலை மஞ்சளான பிறகு மருந்தடிப்பதால் அந்தச் செடி தேறாது. வைரஸ் நுழைந்து ஒன்றிரண்டு வாரம் கழித்தே மஞ்சள் புள்ளி கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குள் ஈ அடுத்த செடிக்குப் போய்விட்டிருக்கும். எனவே கோடை உளுந்தில் விதைக்கும் முன் எடுக்கும் முடிவுக்கே மதிப்பு அதிகம். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்தின் வம்பன் 8, வம்பன் 11 போன்ற, தேமலைத் தாங்கும் உளுந்து ரகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரப்போரம் மக்காச்சோளத்தையோ சோளத்தையோ அடர்த்தியாக விதைத்துத் தடுப்பு எழுப்பலாம். முதல் மாதத்தில் ஆங்காங்கே தெரியும் மஞ்சள் செடிகளைத் தயங்காமல் பிடுங்கி அழித்துவிட வேண்டும்.

வெயில்ல இலை ஓரம் மேல்நோக்கிச் சுருளுது. தண்ணி குறைவா, பூச்சியா?

இரண்டாலும் சுருளும். தண்ணீர்க் குறைவினால் சுருண்ட இலை மாலையிலோ அடுத்த நாள் காலையிலோ விரிந்துவிடும். இலைப்பேன் சுரண்டிய இலை விரியாது. சந்தேகம் இருந்தால் நுனிக்கொழுந்தை ஒரு வெள்ளைத்தாளின் மேல் தட்டிப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ, கோடு போல மெலிந்த பூச்சிகள் ஊர்ந்தால் அது இலைப்பேன். வறண்ட வெப்பத்தில் பெருகும் இது, நல்ல மழையொன்று பெய்தாலோ தெளிப்புநீர் பாய்ந்தாலோ குறைந்துவிடும்.

மானாவாரிக் கடலையில மழை தள்ளிப்போனா சுருள்பூச்சி வந்துடுது. மழை வந்தா தானா போயிடுமா?

பெரும்பாலும் குறைந்துவிடும், அதற்குள் பயிர் எவ்வளவு இழந்திருக்கும் என்பதே கவலை. சுருள்பூச்சியின் புழு முதலில் இலைத்தோலுக்குள் புகுந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும்போது நடு நரம்பை ஒட்டிச் சிறு பழுப்புக் கொப்புளம் போலத் தெரியும். சற்று வளர்ந்ததும் வெளியே வந்து இலையை மடித்தோ, இரண்டு மூன்று இலைகளை நூலால் பிணைத்தோ, அதற்குள் இருந்துகொண்டு தின்னும். தொலைவிலிருந்து பார்த்தால் வயல் கருகியிருக்கும். இதைப் பார்த்தவர்கள் பலர் வறட்சியால் காய்ந்தது என்றே எண்ணிவிடுகிறார்கள். வறட்சியும் பூச்சியும் சேர்ந்தே வருவதால் இந்தக் குழப்பம் இயல்பானதுதான். மடிந்த இலையைப் பிரித்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

மழை இடைவெளி இரண்டு வாரத்தைத் தாண்டும்போதே வயலுக்குள் இறங்கிக் கொப்புளம் விட்ட இலைகளைத் தேட வேண்டும். புழு இலையை மடித்துக்கொண்ட பிறகு மருந்து அதன்மேல் படுவது அரிது. நான்கு வரிசைக் கடலைக்கு ஒரு வரிசைக் கம்பு என ஊடுபயிர் இட்ட வயலில் தாக்குதல் மட்டுப்படுகிறது. கிணறு உள்ளவர்கள் தெளிப்புநீர் விட்டால் மழையின் வேலையில் ஒரு பகுதியை அது செய்துவிடும்.

முதல் மழை பெஞ்சதும் சிவப்புக் கம்பளிப்புழு கிளம்பிடுது. அதுக்கு எப்படித்தான் தெரியுது?

தருமபுரி, சேலம், நாமக்கல், திண்டுக்கல் பக்கத்து மானாவாரிக் காடுகளில் இதைக் கேட்காதவர் இல்லை. முந்தைய ஆண்டில் கடலையைத் தின்று கொழுத்த புழு, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய பத்து மாதம் அங்கேயே உறங்குகிறது. கோடை வெயில் அதை எழுப்புவதில்லை. பருவமழையின் தொடக்கத்தில் மண் ஆழமாக நனையும்போதுதான் உறக்கம் கலைந்து, இரண்டு மூன்று நாள்களில் அந்திநேரத்தில் அந்துப்பூச்சிகள் கூட்டமாக வெளிவருகின்றன. வெள்ளை முன்னிறக்கையின் முன் விளிம்பில் மஞ்சள் கோடு ஓடியிருப்பதைக் கொண்டு அவற்றை அடையாளம் காணலாம். அவை சில நாள்களே உயிர்வாழ்கின்றன. அந்தச் சில நாள்களில் ஒவ்வொரு தாயும் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக இலையின் அடியில் இட்டுவிடும்.

வானிலை இவ்வளவு துல்லியமாக நாள் குறித்துக் கொடுக்கும் பூச்சி வேறொன்று இல்லை என்றே சொல்லலாம். மண்ணை நனைக்கும் முதல் மழைக்கு மறுநாள் தொடங்கி, இரவு 7 மணி முதல் 11 மணி வரை ஊரெங்கும் விளக்குப்பொறியோ தீப்பந்தமோ வைத்தால், முட்டையிடும் முன்பே தாய்ப்பூச்சிகளை அழித்துவிட முடியும். ஒருவர் மட்டும் வைத்துப் பயனில்லை. ஊர் கூடிச் செய்யவேண்டிய வேலை இது. தவறவிட்டால் அடுத்த வாரத்தில் முட்டைக் குவியல்களையும், இலையின் அடியில் கும்பலாக இருந்து சுரண்டும் இளம்புழுக்களையும் இலையோடு கிள்ளி அழிக்கலாம். அதையும் விட்டுவிட்டால், வளர்ந்த புழுக்கள் வயல் விட்டு வயல் படையெடுக்கும்போது குறுக்கே குழி வெட்டித் தடுப்பது ஒன்றே மிஞ்சும். கோடை உழவு செய்த நிலத்தில் கூட்டுப்புழுக்கள் மேலே புரண்டு வந்து பறவைக்கு இரையாவதால், மழை எழுப்புவதற்கு மீதமிருப்பவை குறைவாகவே இருக்கும்.

துவரை பூக்கிற நேரம் பார்த்து மூடாப்பு வருது, காய்ப்புழுவும் வருது. பொறியில பூச்சி விழலைன்னா நிம்மதியா இருக்கலாமா?

ஆடிப்பட்டத்தில் விதைத்த துவரை பூக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மழையில் முதல் பூக்கள் உதிர்ந்து செடி மீண்டும் பூப்பதால், பூவும் பிஞ்சும் வாரக்கணக்கில் தொடர்ந்து கிடைக்கின்றன. இதைப் பயன்படுத்திக்கொள்ளும் புழுக்கள் இரண்டு. பச்சைக் காய்ப்புழு தலையைக் காய்க்குள் நுழைத்து, உடலை வெளியே வைத்துத் தின்னும். வட்டமான துளை தெரியும். புள்ளிக் காய்ப்புழு பூ, மொட்டு, பிஞ்சு எல்லாவற்றையும் நூலால் பிணைத்து உள்ளே மறைந்திருக்கும். ஈரம் மிகுந்த மூடாப்பு நாள்களில் எனக்குப் பின்னதைப் பற்றித்தான் கவலை அதிகம், ஏனெனில் வரப்பில் நின்று பார்த்தால் அது கண்ணில் படாது.

பொறியைப் பொறுத்தவரை, எக்டேருக்கு 12 இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் மணத்தைக் காட்டி ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் பொறி) வைத்திருந்தாலும் மழை இரவில் அந்துப்பூச்சி அதிகம் பறப்பதில்லை. எனவே அன்றைய எண்ணிக்கையை நம்பக்கூடாது. விளக்குப்பொறியில் முழுநிலவு நாள்களையொட்டி வரத்து குறைவதும் இப்படியே. பச்சைக் காய்ப்புழுவுக்கென வைத்த பொறி புள்ளிக் காய்ப்புழுவைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். பூங்கொத்தைப் பிரித்துப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது. கர்நாடகத்தின் கலபுரகிப் பகுதி விவசாயிகள் துவரைச் செடியின் கீழே விரிப்பைப் பிடித்துக்கொண்டு செடியை உலுக்கிப் பச்சைக் காய்ப்புழுக்களை உதிர்த்துச் சேகரித்து அழிக்கிறார்கள். மழை ஓயாமல் மருந்தடிக்க முடியாத நாள்களில் நம்மவர்களும் இதைச் செய்யலாம்.

தொடர்மழைக்கு அப்புறம் புழு செடியிலேயே செத்துத் தொங்குது. இது என்ன, மருந்தில்லாமலே?

புழுக்களுக்கும் நோய் உண்டு. தலைகீழாகத் தொங்கி, தொட்டால் தோல் கிழிந்து கூழாக வழிந்தால் அது என்.பி.வி. எனப்படும் வைரஸ் நோய். விறைத்துப்போய் முதலில் வெண்மையாகவும் பிறகு இளம்பச்சைத் தூளாகவும் போர்த்தியிருந்தால் அது பூஞ்சை நோய். கடலையிலும் சோயாவிலும் புகையிலை வெட்டுப்புழுவை இந்தப் பூஞ்சை, ஈரம் நீடிக்கும் நாள்களில், ஒரே வீச்சில் அடக்கிவிடுவதுண்டு. இலை மடல்களுக்கிடையே ஈரம் தேங்கி நிற்கும் அடர்ந்த பயிரில்தான் இது வேகமாகப் பரவும்.

இப்படிச் செத்த புழுக்களைக் கண்டால், உயிரோடு இருப்பவற்றிலும் பலவற்றுக்குத் தொற்று ஏறியிருக்கும் என்று கொள்ளலாம். மருந்தடிப்பதைத் தள்ளிப்போட்டுக் கவனிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் இலைப்புள்ளி நோய்க்கென்று பூஞ்சாணக்கொல்லி தெளித்தால் நமக்கு உதவும் பூஞ்சையையும் அது பாதிக்கக்கூடும். கடையில் வாங்கிய என்.பி.வி. கரைசலை மாலையில் தெளிக்கச் சொல்வதற்கும் காரணம் வானிலைதான்: வெயிலின் புற ஊதாக்கதிர் அந்த வைரசைச் சில நாள்களிலேயே செயலிழக்கச் செய்துவிடுகிறது.

மழை வரும்னு செய்தியில சொன்னதும் முன்கூட்டியே ஒரு மருந்து அடிச்சுட்டா பாதுகாப்புதானே?

இல்லை. தெளித்த சில மணி நேரத்தில் மழை வந்தால் மருந்தின் பெரும்பகுதி வயலை விட்டு ஓடைக்குப் போய்விடும். மழை வராவிட்டாலும், முந்தைய பதில்களில் வந்த பொறிவண்டும் குளவியும் மடிந்து, பின்னால் வரும் பூச்சிக்கு வழி திறந்துவிடும். பைரித்ராய்டு வகை மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்த வயல்களில் வெள்ளை ஈ முன்பைவிடக் கூடுதலாகப் பெருகுவது பலரும் அறிந்தது. முன்னறிவிப்பு காட்டுவது வயலுக்குள் இறங்கிப் பார்க்கவேண்டிய நாளை. மருந்தடிக்கும் நாளை வயலில் எண்ணிய எண்ணிக்கைதான் முடிவு செய்யவேண்டும்.

சரி, முன்னறிவிப்பை எங்கே பார்க்கிறது, எதைக் குறிச்சுக்கிறது?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகிறது. 2019இல் வந்த மேக்தூத் செயலியிலும் அதைப் பார்க்கலாம். மழை அளவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், மேகமூட்டம், ஈரப்பதம், குறைந்தபட்ச வெப்பநிலை ஆகியவற்றையும் படியுங்கள். அடுத்த ஐந்து நாளும் மேகம், மழையோ சொற்பம் என்றால் பூவையும் தளிரையும் பாருங்கள். மழையே இல்லை, பகல் வெப்பம் ஏறுகிறது என்றால் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

டெல்டாவில நெல் தரிசு உளுந்துக்கு மழையே கிடையாது, பனிதான். எங்களுக்கு வானிலைக் கணக்கு பொருந்துமா?

மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் அதிகமாகப் பொருந்தும். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் விதைத்து, மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் நம்பி வளரும் இந்த உளுந்து, தை மாதக் குளுமையில் தொடங்கி மாசி, பங்குனி வெயிலில் முடிகிறது. தொடக்கத்தில் அசுவினியும் வெயில் ஏற ஏற இலைப்பேனும் வெள்ளை ஈயும் முறைவைத்து வரும். பனியின் ஈரம் அசுவினியைக் கழுவும் அளவுக்குக் கனமானதில்லை.

இங்கே சிக்கல் நெல்லிலிருந்து தொடங்குகிறது. 2021 ஜனவரியில் டெல்டாவில் எதிர்பாராத மழை பெய்து அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் அறுவடை தள்ளிப்போனால் உளுந்து விதைப்பும் தள்ளிப்போகும். மார்கழி, தையில் முளைத்திருக்கவேண்டிய பயிர் மாசியில் இளஞ்செடியாக நிற்கும்போது வெள்ளை ஈ உச்சத்திற்கு வந்துவிடும். இளம்பருவத்தில் தேமல் பிடித்தால் காயே பிடிக்காமல் போகும். ஆகவே தாமதமான ஆண்டில் தேமலைத் தாங்கும் ரகம் கிடைக்காவிட்டால் விதைப்பதைப் பற்றியே மறுபடி யோசிக்கவேண்டும் என்பது என் கருத்து.

அறுவடை பண்ணி மூட்டை கட்டினப்புறம் வானிலைக்கு என்ன வேலை?

பயறு வண்டு பெரும்பாலும் வயலிலேயே, முற்றிய காயின்மேல் முட்டையிட்டுவிடுகிறது. நாம்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். 30 பாகை வெப்பத்தில் அதன் வாழ்க்கைச் சுழற்சி ஏறத்தாழ நான்கு வாரம். எனவே அறுவடையைத் தள்ளிப்போடாமல், நல்ல வெயிலில் ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கு வரும்வரை உலர்த்தி, காற்றுப்புகாத கலத்தில் வைக்க வேண்டும். விதைமணியின் மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருப்பது முட்டை. வட்டத்துளை தெரிந்தால் வண்டு ஏற்கெனவே வெளியேறிவிட்டது.

காற்றுல கரியமில வாயு கூடுதுன்னு சொல்றாங்களே, அதனாலயும் பூச்சி கூடுமா?

கரியமில வாயு கூடிய சூழலில் வளரும் பல செடிகளின் இலையில் தழைச்சத்தின் பங்கு குறைகிறது. அதை ஈடுகட்டப் புழு கூடுதலாக இலை தின்கிறது. பயறுச் செடிகளின் வேர்முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக் கொடுப்பதால், இந்தக் குறைவு அவற்றில் மற்றச் செடிகளைவிடச் சிறிதாகவே இருக்கிறது. வெப்பநிலை ஏறுவது இதைவிட நேரடியான காரணம். அது தலைமுறைக்கான நாள்களைச் சுருக்கும். அதேவேளை 35 பாகைக்கு மேல் டிரைக்கோகிரம்மா போன்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவிகளின் திறனைக் குறைக்கும். மிகுந்த வெப்பம் பூச்சிக்கும் ஆகாது. ஆகவே எல்லாப் பூச்சியும் ஒரே போலக் கூடும் என்று எதிர்பார்க்கத் தேவையில்லை.

பக்கத்துக் காட்டுல புழு மொய்க்குது, என் காட்டுல இல்லை. ரெண்டுக்கும் ஒரே வானிலைதானே?

நிலையத்தில் அளக்கும் வானிலை ஒன்றுதான். இலைகளுக்கிடையே பூச்சி உணரும் வானிலை வயலுக்கு வயல் வேறு. நெருக்கமாக விதைத்து, தழையுரம் மிகுந்து, களையும் மண்டிய வயலில் காற்றோட்டம் குறைந்து ஈரம் நிற்கும். இடைவெளி விட்ட வயலில் வெயில் தரைவரை இறங்கும். விதைப்பு இரண்டு வாரம் முன்பின்னாக இருந்தால், மூடாப்பு வந்த நாளில் ஒரு வயல் பூத்தும் மற்றது பூக்காமலும் நிற்கும். தாய்ப்பூச்சி பூத்த வயலைத்தான் தேடிப்போகும்.

உங்கள் வயலில் இன்று புழு இல்லாததற்குக் காரணம் பூ இல்லாததாகவும் இருக்கலாம். உங்கள் செடி பத்து நாளில் பூக்குமானால், பக்கத்து வயலில் இப்போது தின்றுகொண்டிருக்கும் புழுக்கள் அதற்குச் சற்றுப் பின்னர் அந்துப்பூச்சியாகி உங்கள் பிஞ்சுகளுக்கு வந்துசேரும். அவருடைய வயலில் இருப்பவை சிறிய புழுக்களா, பெரிய புழுக்களா என்று இன்றே போய்ப் பார்த்து, தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய புழுக்களே அதிகம் என்றால் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு வாரத்தையொட்டியே இருக்கும்.